எபாக்ஸி இறுகும் வரை

எங்கள் படகின் இடப்பக்க உடலுக்குள் இறங்கித் தரைப்பலகையைத் தூக்கினால், அடிப்பகுதியில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளத்துக்கு மரம் சற்றுக் குழிந்தும் கருகியும் இருப்பதைப் பார்க்கலாம். இறுகாத எபாக்ஸிப் பசையைச் சூடான காற்றை வீசி இளக்கி, நானும் என் கணவரும் மூன்று நாள்கள் சுரண்டி எடுத்த இடம் அது. பசையை இறுகவைக்கும் ஹார்டனரைக் கிண்ணத்தில் ஊற்றியாயிற்று என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்; நான் ஊற்றியிருப்பேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். இருவருமே ஊற்றவில்லை.

எட்டு மீட்டர் நீளமுள்ள அந்த இரட்டை உடல் பாய்ப்படகை எங்கள் கைகளாலேயே கட்டி முடிக்க நான்கு ஆண்டுகளும் சில மாதங்களும் ஆயின. வரைபடத்தோடு வந்த குறிப்பில் 900 மணி நேர வேலை என்று இருந்தது. எங்கள் நோட்டுப் புத்தகத்தில் கூட்டிப் பார்த்தால் 2,140 மணி நேரம் வருகிறது. இந்த வேறுபாட்டுக்குக் கைத்திறக் குறைவுதான் காரணம் என்று முதலில் நினைத்தோம். கணக்கைப் புரட்டிப் பார்த்தபோது, அதில் பெரும்பகுதி ஒரு வேலையை எப்போது தொடங்கலாம், எப்போது நிறுத்திவிட்டுக் கையைக் கழுவ வேண்டும் என்பது தெரியாமல் செய்து, பிறகு பிரித்துச் செய்ததற்கான நேரம் என்று தெரிந்தது. இதே ஆசையோடு இருப்பவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், தவறுகளைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட இரட்டை உடல் படகைக் குறிக்கும் கேட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது. சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரங்களைப் பற்றி ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியான தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். ஆனால் நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. உள்ளே குடைவான இரண்டு மெல்லிய உடல்களைக் குறுக்குமரங்களால் இணைக்கும் அமைப்பு பசிபிக் தீவு மக்களுடையது. பெயர் ஒரு கடலிலிருந்தும் பொருள் இன்னொரு கடலிலிருந்தும் வந்து சேர்ந்திருக்கின்றன. எங்கள் படகின் உடல்களும் குறுக்குமரங்களும் ஆணியாலோ போல்ட்டாலோ இணைக்கப்படாமல் கயிற்றாலேயே கட்டப்பட்டிருப்பதால், கட்டு என்ற சொல் மட்டுமாவது எங்களிடம் பொருளோடு திரும்பி வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன்.

முதல் முடிவு அளவைப் பற்றியது. நாங்கள் முதலில் ஆசைப்பட்டது 11 மீட்டர்ப் படகுக்கு. நீளம் ஒன்றரை மடங்குகூட இல்லையே, வேலையும் அவ்வளவுதானே கூடும் என்பது என் கணவரின் வாதம். ஆனால் அதே வடிவத்தை அப்படியே பெரிதாக்கினால், நீளத்தோடு அகலமும் உயரமும் சேர்ந்து கூடுவதால், 8 மீட்டர் 11 மீட்டராகும்போது எடை ஏறத்தாழ 2.6 மடங்காகிவிடும். பாய், பாய்மரம், நங்கூரம், கயிறுகள் எல்லாம் அந்த எடையைப் பின்தொடர்ந்து பெரிதாகும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டியும் அவர் முகம் தெளியவில்லை. ரோரி மெக்டூகல் என்பவர் 6.4 மீட்டர் நீளமே உள்ள டிக்கி 21 வகைப் படகில் 1991 முதல் 1997 வரை உலகையே சுற்றி வந்தார் என்று படித்த பிறகுதான், எட்டு மீட்டர் அவருக்குக் குறைவாகத் தோன்றவில்லை. அந்தப் படகை வடிவமைத்த ஜேம்ஸ் வாரம், தாமே கட்டிய ஏழு மீட்டர் இரட்டை உடல் படகில் இரண்டு பெண்களோடு 1955–56-இல் அட்லாண்டிக்கைக் கடந்தவர். கயிற்றால் கட்டும் முறையைத் தம் கையால் படகு கட்டுவோரிடையே பரப்பியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

வரைபடம் வாங்குவதற்கு முன்பே கொட்டகையின் கதவை அளந்துவிட வேண்டும். எங்கள் கொட்டகை பத்து மீட்டர் நீளம் என்பதால் உடல் உள்ளே அடங்கியது, ஆளும் அதைச் சுற்றி நடக்க முடிந்தது. ஆனால் தாங்கு கட்டைகளின்மேல் ஏறிய உடலின் உயரத்தோடு படகு அறையின் மேற்கூரையையும் சேர்த்தால், கதவு நிலைக்கு எட்டு சென்டிமீட்டர் போதவில்லை. கூரைப் பகுதியைத் தனியாகச் செய்து, வெளியே கொண்டுபோன பிறகு ஒட்ட வேண்டியதாயிற்று. மழைக்காலம் கடக்கும்வரை அதற்கே காத்திருந்தோம்.

எங்கள் படகு தையல் முறையில் கட்டப்பட்டது. விலா எலும்பு போன்ற சட்டங்களான வங்குக்கால்களை நிறுத்தி அவற்றின்மேல் பலகை அடிக்கும் பழைய முறை இதில் கிடையாது. ஆறு மில்லிமீட்டர் கடல்தர ப்ளைவுட்டை வரைபடத்தின்படி வெட்டி, விளிம்புகளில் பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒரு துளையிட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைத்து முறுக்கினால், தட்டையான பலகைகள் தாமாகவே வளைந்து படகின் வடிவத்துக்கு வந்துவிடும். அதன்பிறகு உள்மூலைகளில் எபாக்ஸிக் கலவையைப் பூசி, அதன்மேல் கண்ணாடியிழைத் துணியை ஒட்டினால், அந்த மூலையே படகின் எலும்பாகிவிடுகிறது.

ப்ளைவுட் பொதுவாக 2.44 மீட்டர் நீளத்தில்தான் கிடைக்கும்; எட்டு மீட்டர்ப் பக்கத்துக்குப் பலகைகளைச் சாய்வாகச் சீவி ஒட்ட வேண்டும். சாய்வு, கனத்தைப் போல எட்டு மடங்கு. அதாவது ஆறு மில்லிமீட்டர் பலகைக்கு 48 மில்லிமீட்டர். நான்கு பலகைகளை, ஒவ்வொன்றையும் கீழுள்ளதைவிட 48 மில்லிமீட்டர் பின்தள்ளி, படிக்கட்டு போல அடுக்கி வைத்து ஒன்றாக இழைப்புளியால் சீவினால், ப்ளைவுட்டின் அடுக்குகள் கரைவேட்டியின் கோடுகளைப் போல வரிசையாகத் தெரியவரும். கோடுகள் நேராக இருந்தால் சாய்வு சரி. ஒரு கோடு வளைந்தால் அங்கே பள்ளமோ மேடோ இருக்கிறது. அளவுகோல் வைக்காமலேயே கண் பிழையைச் சொல்லிவிடும் இந்த வேலைதான் முழுப் படகிலும் என் கணவருக்கு மிகவும் பிடித்தது.

பிடித்த வேலையிலும் முதல் இணைப்பு இரண்டாம் நாள் கையோடு வந்துவிட்டது. இதில் இரண்டு தவறுகள் இருந்தன. மரப்பசைக்குப் பழகிய கை என்பதால் கிளாம்ப்பை முடிந்தமட்டும் இறுக்கினோம். எபாக்ஸிக்கு அவ்வளவு இறுக்கம் ஆகாது, இடுக்கிலிருந்த பசையெல்லாம் பிதுங்கி வெளியேறிவிட்டது. மிச்சமிருந்ததையும் சீவிய மரத்தின் திறந்த நுண்துளைகள் குடித்துவிட்டன. தூள் கலக்காத தண்ணீர் போன்ற எபாக்ஸியை முதலில் தடவி, மரம் குடிக்கும்வரை பொறுத்து, பிறகுதான் சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய பசையைப் பூச வேண்டும். பலகைகள் நகராமலும் இடைவெளி இல்லாமலும் இருக்கும் அளவுக்கு அழுத்தம் போதும்.

தைத்து முடித்த அன்று மாலை, நேற்றுவரை தரையில் கிடந்த பலகைகள் படகாக எழுந்து நின்றதைப் பார்த்தபோது, பாதி வேலை முடிந்துவிட்டது என்றே நம்பினோம். உண்மையில் பத்தில் ஒரு பங்குகூட முடிந்திருக்கவில்லை. அந்த மகிழ்ச்சியில் மறுநாளே மூலைப் பூச்சைத் தொடங்கியிருப்போம். நல்லவேளையாக முன்முனையான அணியத்திலிருந்து பின்முனையான அமரம்வரை ஒரு கயிற்றை விறைப்பாகக் கட்டி, ஒவ்வொரு தடுப்புப் பலகையின் நடுக்கோட்டுக்கும் தூக்குக்குண்டு தொங்கவிட்டுப் பார்த்தோம். அணியம் ஒன்பது மில்லிமீட்டர் ஒருபக்கமாகத் திருகியிருந்தது. கம்பி நிலையில் இருக்கும்போது, நான்கைந்து தையல்களைத் தளர்த்தித் தாங்கு கட்டைக்கு அடியில் ஓர் ஆப்பைச் செருகினால் திருகல் அரை மணி நேரத்தில் நேராகிவிடும். எபாக்ஸி இறுகிய பிறகு அந்தத் திருகல் படகின் ஆயுளுக்கும் இருக்கும். ஓர் உடல் எப்போதும் சற்று வேறு திசையில் போக முயலும்.

எபாக்ஸியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அது காய்வதில்லை, ரெசினும் ஹார்டனரும் வினைபுரிந்து இறுகுகிறது. பாலியெஸ்டர் ரெசினில் வினையூக்கியைக் கொஞ்சம் கூட்டினால் விரைவில் இறுகும் என்பதை அறிந்தவர்கள், எபாக்ஸியிலும் ஹார்டனரைக் கூட்டிப் பார்ப்பதுண்டு. இங்கே ஒவ்வொரு பங்கு ரெசினுக்கும் உரிய பங்கு ஹார்டனர் வேண்டும். கூடினால் மிஞ்சிய ஹார்டனர் இணையற்று உள்ளேயே தங்கி, பூச்சு ரப்பரைப் போல மெத்தென்று இருந்துவிடும். கன அளவு விகிதமும் எடை விகிதமும் வேறு வேறு, ஏனெனில் இரண்டு திரவங்களின் அடர்த்தியும் ஒன்றல்ல. தராசில் நிறுப்பவர் கன அளவு விகிதத்தைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு கிண்ணமும் கொஞ்சம் கெட்டுப்போகும். உடனே தெரியவும் தெரியாது.

தொடக்கத்தில் சொன்ன சுரண்டலுக்குப் பிறகு ஒரு விதி வகுத்தோம். கலப்பவர் ஒருவர், பூசுபவர் இன்னொருவர். கலப்பவர் தராசில் காணும் இரு எண்களையும் உரக்கச் சொல்ல வேண்டும். பூசுபவர் அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கிண்ணத்தின் பக்கவாட்டில் நேரத்தை எழுத வேண்டும். கலக்கும் இரண்டு நிமிடங்கள் அவரிடம் வேறு எதுவும் பேசக்கூடாது. விளையாட்டுப் போலத் தோன்றும் இந்த விதிக்குப் பிறகு, நூற்றுக்கணக்கான கிண்ணங்களில் ஒன்றுகூடத் தவறவில்லை. நோட்டில் கிண்ணத்துக்கு ஒரு வரி எழுதியதால், எங்கே எந்தக் கலவை பூசப்பட்டது என்பதும் தெரிந்தது.

வெப்பம் பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் இறுகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகிறது. வினையே வெப்பத்தை வெளிவிடுவதால், ஆழமான கிண்ணத்தில் மொத்தமாக இருக்கும் கலவை தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டு மேலும் விரைந்து இறுகும். ஒரு நண்பகலில் 400 கிராம் கலந்து வைத்துவிட்டுத் துணியை வெட்டப் போனோம். திரும்பியபோது கிண்ணம் புகைந்து உருகிக்கொண்டிருந்தது. அதன்பிறகு, கலந்தவுடன் அகலமான தட்டில் மெல்லிய படலமாக ஊற்றிவிடுவோம். வெப்பம் வெளியேறிவிடும், இரு மடங்கு நேரம் கிடைக்கும்.

மரத்தின்மேல் பூசும் நேரமும் முக்கியம். காலையில் பூசினால், நாள் சூடேற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து, இறுகும் பூச்சின் வழியே குமிழிகளாக வெளிவரும். மாலையில் வெப்பம் இறங்கும்போது பூசினால் காற்று சுருங்கும், எபாக்ஸி மரத்துக்குள் உறிஞ்சப்படும். இதை அறியாமல் பூசிய முதல் நான்கு சதுர மீட்டரும் அம்மை கண்ட முகம் போல ஆயின. இறுகிய பூச்சின்மேல் சிலநேரம் மெழுகு போன்ற ஒரு படலம் வந்திருக்கும். அதன்மேல் அடுத்த பூச்சு ஒட்டாது. அதை முதலில் தண்ணீராலும் நார்த்தேய்ப்பானாலும் கழுவி எடுத்துவிட்டுப் பிறகு உப்புத்தாள் போட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அந்த மெழுகையே மேற்பரப்புக்குள் தேய்த்து ஏற்றுகிறோம்.

கையுறையைப் பற்றி எல்லோரும் எச்சரித்திருந்தார்கள். என் கணவர் பெரும்பாலும் அணிந்தார். அந்தப் பெரும்பாலும் என்பதில்தான் சிக்கல். பதினான்காம் மாதத்தில் மணிக்கட்டில் சிவந்த தடிப்புகள் தோன்றி, முழங்கைவரை ஏறின. எபாக்ஸியின் ரெசினோ ஹார்டனரோ தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிடும். ஒருமுறை வந்துவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலும், முழுதும் இறுகாத பூச்சைத் தேய்த்த தூசி பட்டாலும் தடிப்பு வரும். கையில் பட்டதை அசிட்டோனால் துடைக்கும் பழக்கமும் அவருக்கு இருந்தது. அது தோலின் எண்ணெயை நீக்கி எபாக்ஸியை உள்ளே விடுகிறது. சோப்பும் தண்ணீரும்தான் சரி. கொட்டகைக்குள்ளேயே வர வேண்டாம் என்று மருத்துவர் சொல்ல, ஏழு வாரங்கள் வேலை நின்றது.

அதன்பிறகு வேலைப் பங்கீடு தலைகீழாயிற்று. அதுவரை அளப்பதும் கணக்கெழுதுவதும் கலப்பதுமே என் வேலை. ஒட்டும் வேலை முழுவதும் அவருடையது. இரண்டாவது உடலில் எபாக்ஸி தொடும் எல்லா வேலையும் என்னிடம் வந்தது, வெட்டுவதும் சீவுவதும் துளையிடுவதும் அவரிடம் போயின. தன் கையால் மூலைப் பூச்சை இழுக்க முடியாமல் கொட்டகைக் கதவுக்கு வெளியே நின்று, “இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடி” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த நாள்கள் இருவருக்குமே எளிதாக இல்லை. ஒரு நாள் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்து, நான் இழுக்கும்போது பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பூசுபவர் கையில் கரண்டி இருக்கும்வரை தீர்ப்பு அவருடையதே என்பதும் விதிகளில் சேர்ந்தது.

இரட்டை உடல் படகு கட்டுவோர் இரண்டாவது உடல் பாதி நேரத்தில் முடியும் என்பார்கள். எங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஆயிற்று. ஆனால் வெளிக்கூட்டை முடித்து இரு முனைகளிலும் தராசு வைத்து நிறுத்தபோது, முதல் உடல் 171 கிலோவும் இரண்டாவது 158 கிலோவும் இருந்தன. அந்த 13 கிலோவும் எபாக்ஸிதான். அவர் மூலைகளைத் தாராளமாக நிரப்பியிருந்தார். நான், வரைபடத்திலுள்ள ஆரத்துக்கு வெட்டிய பிளாஸ்டிக் கரண்டியால் இழுத்து, மிஞ்சியதையெல்லாம் வழித்து எடுத்திருந்தேன். துணி நனைந்து கண்ணாடிபோலத் தெளிந்தால் போதும். அதற்குமேல் ஊற்றுவது வலிமையைக் கூட்டாது. பின்னர் மின்கலத்தையும் நங்கூரச் சங்கிலியையும் இரண்டாவது உடலில் வைத்துச் சமன்செய்தோம்.

எடையில் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று கேட்கலாம். நீர்வரியில், அதாவது நீர்மட்டம் தொடும் கோட்டில், ஏழு மீட்டர் நீளமுள்ள ஒற்றை உடல் படகு, ஏறத்தாழ 6.5 நாட் (மணிக்கு 12 கிலோமீட்டர்) வேகத்துக்குமேல் தான் எழுப்பும் அலைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அகலத்தைவிட எட்டுப் பத்து மடங்கு நீளமுள்ள மெல்லிய உடல்கள் சிறிய அலையையே எழுப்புவதால் அந்தத் தடையைக் கடந்துவிடுகின்றன. 1876-இல் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தானியேல் ஹெரஷாஃப் தம் இரட்டை உடல் படகால் நியூயார்க்கில் மற்றப் படகுகளை வென்றபோது, அந்த வகையையே போட்டியிலிருந்து விலக்கிவிட்டார்கள். ஆனால் மெல்லிய உடலுக்கு நீர்ப்பரப்பு குறைவு. எங்கள் படகில் 60 கிலோ ஏறினால் ஒரு சென்டிமீட்டர் தாழ்கிறது. பத்து சென்டிமீட்டர் தாழ்ந்தால், நடுத்தளத்துக்கு அடியில் அலை மோதத் தொடங்கும்.

வண்ணம், பாய்மரம், சுக்கான் ஆகியவற்றைப் பற்றி எழுத அதிகமில்லை. வரைபடத்தின்படி செய்தோம், சரியாக வந்தன. ஒன்றை மட்டும் சொல்கிறேன். எபாக்ஸியைச் சூரிய ஒளி சிதைக்கும் என்பதால் வண்ணம் கட்டாயம். சாதாரண வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி 60 டிகிரிக்கு அருகில் இளகத் தொடங்கக்கூடும் என்பதால், தளத்துக்கு வெள்ளையோ அதையொத்த வெளிர்நிறமோதான் பூச வேண்டும். நான் ஆசைப்பட்ட கருநீலத்தைச் சுக்கானின் கைப்பிடிக்குப் பூசிக்கொண்டேன்.

இணைக்கும் நாளில் உடல்களைத் தண்ணீருக்கு அருகே கொண்டுபோய், இணையாக நிறுத்தி, மூலைவிட்டங்களை அளந்தோம். இரண்டுக்கும் நான்கு மில்லிமீட்டர் வேறுபாடு, அது போதும். பிறகு கட்டு. அலையில் இரு உடல்களும் ஒரே நேரத்தில் எழுவதில்லை. விறைப்பாக இணைத்தால் அந்த முறுக்கு முழுவதும் இணைப்பின்மேல் விழும். கயிறு ஓர் இழை இடம் கொடுத்து அதைப் பரப்பிவிடுகிறது. பசிபிக் மக்கள் தென்னை நார்க் கயிற்றால் கட்டினார்கள். 1976-இல் ஹவாயிலிருந்து தாஹிட்டிக்குப் போன ஹோக்குலேயாவும் கயிற்றுக் கட்டால் நின்ற படகே. நைலான் அதிகம் நீளும் என்பதால் பாலியெஸ்டர்க் கயிறு வேண்டும். உடலையும் குறுக்குமரத்தையும் பலசுற்றுச் சுற்றிய பிறகு, அந்தச் சுற்றுகளையே நடுவில் குறுக்காக வரிந்து இறுக்குவதில்தான் வலு இருக்கிறது. முதல் நாள் பயணத்துக்குப் பின்பே எல்லாம் தளர்ந்திருந்தன. மறுபடி வரிந்தோம், ஒரு வாரம் கழித்து மீண்டும். அதற்குப் பிறகு அசையவில்லை.

நீரில் இறக்கியபோது அமரம் குறியிட்ட நீர்வரிக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே இருந்தது. கருவிப்பெட்டி, மிச்ச வண்ணம், எப்போதோ தேவைப்படும் என்று திணித்த மரத்துண்டுகள் எல்லாவற்றையும் இறக்கினோம். இரண்டு சென்டிமீட்டர் எழுந்தது. முதல் முறை நல்ல காற்றில் பாய் விரித்தபோது படகு சாயவே இல்லை. சாயாதது பாதுகாப்பு என்று எண்ணியிருந்தேன். ஒற்றை உடல் படகு சாய்ந்து, பாய் அதிகம் என்று எச்சரிக்கும். இதில் காற்றின் வலு முழுவதும் வேகமாகவே மாறும், காற்று வரும் பக்கத்துக்கு மறுபக்கத்து உடலின் அணியம் நீரில் அழுந்தத் தொடங்குவதே அறிகுறி. அதைக் கண்டவர் கணவர். பாய்க்கயிற்றைத் தளர்த்தியவள் நான். இப்போது காற்றுமானியில் ஓர் எண்ணை வைத்திருக்கிறோம். அதைத் தொட்டால், படகு எவ்வளவு அமைதியாகத் தோன்றினாலும் பாயைக் குறைக்கிறோம்.

சென்ற மாதம் மழைக்குப் பிறகு இடப்பக்கப் படுக்கையில் ஈரம் தெரிந்தது. தளத்தில் பதித்த ஒரு போல்ட்டின் துளையைத்தான் விட்டுவிட்டிருந்தோம். கடல்நீரைவிட மழைநீரே மரத்தை விரைவாக மட்கச் செய்யும் என்பதால் அன்றே போல்ட்டைக் கழற்றி, துளையை இரு மடங்காகப் பெரிதாக்கி, மூன்று வாரங்கள் நன்றாகக் காயவிட்டு, நேற்று மாலை கெட்டி எபாக்ஸியால் அடைத்தேன். அவர் கரைமேடையில் நின்றபடி தராசின் எண்களைத் திருப்பிச் சொன்னார். நாளை மாலைவரை அதைத் தொடக்கூடாது. அதன்பிறகு அந்த எபாக்ஸியின் நடுவே சரியான அளவில் அவர் துளையிடுவார்.